நாலு பித்தளைத் திருகாணி

பூட்டுக்கடைக்காரன் வீட்டில் திருட்டு. தெரு சிரிக்காமல் என்ன செய்யும்? அதுவும் பட்டப்பகல் பதினொரு மணிக்கு, வாசல் வழியாக, ஒரே உதையில். எதிர் வீட்டில் ஆட்கள் இருந்திருக்கிறார்கள். சத்தம் கேட்டதாம். யாரோ பீரோவை நகர்த்துகிறார்கள் என்று நினைத்துக்கொண்டார்களாம்.

அந்தக் கடையை நடத்துவது அண்ணன் தம்பி இருவர். தெருவுக்கு அவர்கள் பெரியவன், சின்னவன். அப்பா விட்டுப்போன கடை. ஆளுக்கொரு மேஜை, நடுவில் சாவி வெட்டும் மெஷின். பெரியவனுக்கு நாற்பத்தைந்து வயது, வேலை அத்தனை நறுவிசு. அவன் ஒரு பூட்டை மாட்டினால் திருகாணித் தலைகளில் இருக்கும் கோடுகள் எல்லாம் செங்குத்தாக, ஒன்றுபோல் நிற்கும். கடைக்கு வருகிற ஒருத்தர் கண்ணிலும் அது பட்டதில்லை. வருகிறவர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, "சின்னவர் இல்லீங்களா?" என்பார்கள். "அதான் நான் இருக்கேனே" என்பான் பெரியவன். "பரவால்ல, அவர் வரட்டும்" என்று ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொள்வார்கள். அந்த ஸ்டூலை அடுப்பில் வைத்தால் என்ன என்று அவன் பல தடவை யோசித்திருக்கிறான்.

சின்னவன் வேலை பார்க்க லட்சணமாக இருக்காது. கதவு நிலையில் பூட்டின் நாக்கு போய் உட்காருகிற இரும்புத் தகட்டை அவன் நாலங்குலத் திருகாணி போட்டு, நிலையையும் தாண்டிச் சுவரோடு பிடித்துவிடுவான். திருகாணிகள் நாலும் நாலு திசை பார்க்கும். ஆனால் யானை முட்டினாலும் அசையாது. இதை ஊரே சொல்லும்போது பெரியவன் சாவி வெட்டும் மெஷினை ஓடவிடுவான். அந்தக் கிறீச்சில் எதுவும் காதில் விழாது.

பெரியவன் மனைவிக்குப் பல் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலை. பின் தெருவில் ஒரு வீட்டில் திருட்டு நடந்ததும் அவளுக்குப் பயம் பிடித்துக்கொண்டது. ஒரு நாள் பெரியவன் கடையை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தால், தன் வீட்டு வாசல் நிலையில் கறுப்பாக ஒரு புதுத் தகடு. நாலு திருகாணி, நாலு திசை. பார்த்ததுமே யார் கை என்று தெரிந்துவிட்டது.

"என்னங்க அப்படிப் பாக்கறீங்க? நீங்க மூணு மாசமா நாளைக்கு நாளைக்குன்னுட்டே இருந்தீங்க. தம்பிகிட்ட சொன்னேன், அரை மணி நேரத்துல முடிச்சிட்டார்" என்றாள் மனைவி.

"சித்தப்பா போட்டா ஒருத்தனாலயும் உடைக்க முடியாதுப்பா" என்றாள் மகள். பதினொரு வயது. சித்தப்பா என்றால் அவளுக்கு உயிர்.

பெரியவன் சாப்பிட உட்கார்ந்தான். சோறு இறங்கவில்லை. ஊரில் எந்தக் கதவிலும் தம்பி கை இருக்கட்டும், போகட்டும். தன் வீட்டுக் கதவிலுமா? தினம் காலையும் மாலையும் அந்த நாலு கோணல் தலைகளும் அவனைப் பார்த்து இளித்தன. வைத்தியன் வீட்டுக்கு அடுத்த வைத்தியனைக் கூப்பிட்டதுபோல இருந்தது அவனுக்கு.

ஞாயிற்றுக்கிழமை மனைவியும் மகளும் கடைத்தெருவுக்குப் போனார்கள். அவன் திருப்புளியை எடுத்தான். தகட்டைக் கழற்றினால் மனைவிக்குத் தெரிந்துவிடும், அதனால் தகட்டில் கை வைக்கவில்லை. திருகாணிகளை மட்டும் கழற்றினான். கடையில் தன் மேஜையில் பத்திரமாக வைத்திருந்த நல்ல பித்தளைத் திருகாணி நாலு கொண்டுவந்திருந்தான். ஒரு அங்குல நீளம்தான். பளபளவென்று அழகு. தன் வீட்டுக் கதவில் தன் கையும் கொஞ்சம் இருக்கட்டும் என்று ஆசை, அவ்வளவுதான். தம்பி போட்ட துளைகள் பெரிது, பித்தளை உள்ளே ஆடியது. தீக்குச்சிகளை ஒடித்துத் துளைகளில் திணித்து, அதன்மேல் முறுக்கினான். கோடுகள் நாலையும் செங்குத்தாக நிறுத்தினான். தீக்குச்சி எவ்வளவு தாங்கும் என்று இந்தத் தொழிலில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவன் யார்? தெரிந்துதான் செய்தான். தன் வீட்டுக்கு எவன் வரப்போகிறான் என்று நினைத்தான்.

மனைவி திரும்பி வந்தாள். நிலையைப் பார்த்தாள். "பாருங்க, தம்பி எவ்வளவு அழகா போட்டிருக்கார்! அன்னிக்கு நான் சரியா கவனிக்கல" என்றாள்.

அதையும் விழுங்கினான். விழுங்காமல் என்ன செய்வது?

பத்தே நாள். எவனோ வந்து உதைத்தான், தகடு துள்ளிப் போய் விழுந்தது. அன்று பள்ளிக்கூடம் பாதி நாள். மகள்தான் முதலில் வந்து பார்த்தாள். கதவு ஆவென்று திறந்து கிடந்தது. லேப்டாப் போயிற்று, மனைவியின் வளையல் இரண்டும் செயினும் போயின. வந்தவன் இழுப்பறைகளைப் பிடுங்கித் தலைகுப்புறக் கவிழ்த்திருந்தான். மகளுடைய கட்டில்மேல் ஏறி நின்று பரணைத் துழாவியிருக்கிறான். அவள் தலையணையில் செருப்புத் தடம்.

மகள் படி இறங்கி ஓடித் தெருவில் நின்று போன் செய்தாள். அப்பாவுக்கு அல்ல, சித்தப்பாவுக்கு.

அதனால் பெரியவன் வந்து சேரும்போது தம்பி ஏற்கெனவே அங்கே இருந்தான். குழந்தையைப் பக்கத்தில் உட்காரவைத்து, தண்ணீர் கொடுத்து, வாசலைப் பெருக்கியும் வைத்திருந்தான். தரையில் தகடு மட்டும் கிடந்தது. திருகாணி ஒன்றும் கண்ணில் படவில்லை. பெரியவன் அதைத் தேடினான் என்பதுதான் வெட்கக்கேடு. பெண்டாட்டியின் வளையலைத் தேடவில்லை, குழந்தையின் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் திருகாணியைத் தேடினான்.

போலீஸ்காரர் வந்து நிலையைத் தடவிப் பார்த்தார். "ஒரே உதையில பேந்திருக்கு. யார் போட்ட பூட்டு இது?"

"என் கொழுந்தன்தான் போட்டார்" என்றாள் மனைவி.

போலீஸ்காரர் சின்னவனை ஏற இறங்கப் பார்த்தார். சின்னவன் அண்ணனைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு, "என் தப்புதான் சார். நான் சரியா இறுக்கல போல. மன்னிச்சிடுங்க அண்ணி" என்றான்.

பெரியவன் வாயைத் திறந்தான், மூடினான். வீடு கொள்ளை போய்க் கிடக்கிறது, அவனுக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. இதை வெளியில் சொன்னால் காறித் துப்புவார்கள். ஆனால் அப்படித்தான் இருந்தது. இருபது வருஷத்தில் முதல் தடவையாகத் தம்பி தலைகுனிந்து நிற்பதைப் பார்த்தான். கண் நிறையப் பார்த்தான்.

விஷயம் பரவ எத்தனை நேரம் ஆகும்? சொந்த அண்ணன் வீட்டிலேயே சின்னவன் பூட்டு நிற்கவில்லை என்று டீக்கடை வரை பேச்சு. மூன்றாம் நாள் ஒருவர் கடைக்கு வந்தார். சின்னவன் தன் மேஜையிலேயே இருந்தான். வந்தவர் அவனைத் தாண்டி, "பெரியவரே, நீங்களே ஒரு நடை வந்து எங்க வீட்டுக் கதவைப் பாருங்களேன்" என்றார். பெரியவனுக்கு உச்சி குளிர்ந்தது. சட்டையைச் சரிசெய்துகொண்டு கிளம்பினான். போகிற வழியெல்லாம் தரையில் கால் பாவவில்லை.

அன்று முதல் சின்னவன் பையைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாக அலைந்தான். அவன் பூட்டு போட்ட வீடுகளில் எல்லாம் பயந்துபோய்க் கூப்பிட்டார்கள். போய், அவர்கள் கண் முன்னால் கதவைத் தோளால் இடித்துக் காட்டிவிட்டு வந்தான். ஒன்றுகூட அசையவில்லை. ஆனால் யாரும் ஸ்டூலில் உட்கார்ந்து அவனுக்காகக் காத்திருக்கவில்லை. ஒரு அடுக்குமாடிக்கு மொத்தமும் அவன்தான் போடுவதாக இருந்தது. அவர்கள் வேறு ஆளைப் பார்த்துக்கொண்டார்கள்.

வீட்டில் வேறு கதை. மனைவி துணிகளை மூன்று தடவை துவைத்தாள். எவனோ தொட்ட துணி, எத்தனை தடவை அலசினாலும் அவளுக்கு மனசு ஆறவில்லை. மகள் தன் அறைக்குள் கால் வைக்கவே மாட்டேன் என்றாள். கூடத்தில், அம்மாவின் காலடியில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினாள். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் பென்சில் நின்றுவிடும். ஒரு நாள் சின்னவன் ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கொண்டு வந்தான். மகள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "உடையாதுன்னு சொன்னீங்கல்ல?" என்று ஒரே ஒரு கேள்வி கேட்டாள். மனைவி டீ வேண்டுமா என்றுகூடக் கேட்கவில்லை. சின்னவன் பழத்தை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனான்.

பெரியவன் இத்தனை வருஷமாக வேண்டிக்கொண்டது இதைத்தான். கிடைத்தும் விட்டது. ஆனால் தம்பி படி இறங்கிப் போனபோது அவன் முதுகு அப்பாவின் முதுகுபோலக் கூனியிருந்ததைப் பார்த்ததும், கையில் இருந்த டீ பெரியவனுக்குக் கசந்தது.

எட்டாம் நாள் தச்சர் புது நிலை வைத்துவிட்டுப் போனார். தகடு மாட்ட வேண்டும். "இந்தத் தடவை நீங்களே போடுங்க" என்றாள் மனைவி. இந்த வார்த்தையைக் கேட்கத்தானே தவம் கிடந்தான். துளை போட நீளமான டிரில் பிட் வேண்டும். அவனிடம் அது கிடையாது, அவன்தான் நீளத் திருகாணியே போட்டதில்லையே. கடைக்குப் போனான். தம்பியின் பெட்டியைத் திறந்து துழாவினான். அடியில் ஒரு காகிதப் பொட்டலம் கையில் தட்டுப்பட்டது.

பிரித்தான். நாலு பித்தளைத் திருகாணி. மரைகளில் தீக்குச்சித் துணுக்குகள் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தன.

பின்னால் சத்தம் கேட்டது. சின்னவன் பையோடு வாசலில் நின்றான்.

"எப்படா தெரியும் உனக்கு?"

"அன்னிக்கேண்ணே. போனதும் தரையில கிடந்துது. பாப்பா பாக்கறதுக்குள்ள பொறுக்கிட்டேன்."

"அப்புறம் ஏண்டா வாயைத் திறக்கல? ஊரே உன்னைக் காறித் துப்புது. அந்த அடுக்குமாடி வேலை போச்சு. ஒரு வார்த்தை சொல்லியிருந்தா..."

சின்னவன் பையைக் கீழே வைத்தான். "அவ நடுங்கிட்டு இருந்தாண்ணே. சித்தப்பா போட்டது உடைஞ்சுதுன்னா அவளுக்கு என்மேல கோவம் வரும், ஒரு வருஷம் பேச மாட்டா. அப்பா போட்டது உடைஞ்சுதுன்னா அவ அந்த வீட்டுல எப்படிண்ணே தூங்குவா?"

பெரியவனுக்கு அழுகை வந்திருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும். வந்தது பழைய வயிற்றெரிச்சல்தான், முன்னைவிடப் பெரிதாக. பூட்டு போடுவதில் ஜெயித்தான், சரி. தோற்றுப்போவதிலும் இவன்தானா ஜெயிக்க வேண்டும்? என் பெண்ணின் பயம் எனக்கு முன்னால் இவனுக்கு எப்படித் தெரிந்தது? பொட்டலத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, வீட்டுக்கு நடந்தான். வழியில் அந்த நாலும் நெஞ்சில் குத்திக்கொண்டே வந்தன. எடுத்துச் சாக்கடையில் எறிந்தால் கதை முடிந்தது. தம்பி சொல்லப்போவதில்லை. இரண்டு தடவை கையை உள்ளே விட்டான், இரண்டு தடவையும் வெறுங்கையாக வெளியே எடுத்தான்.

வீட்டில் மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். மகள் அவள் காலடியில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். பெரியவன் நாலு திருகாணிகளையும் மகளுடைய நோட்டுக்குப் பக்கத்தில் தரையில் வைத்தான்.

"பாப்பா, அன்னிக்கு உடைஞ்சது சித்தப்பா போட்டதில்ல. அவன் போட்டதை நான் கழட்டிட்டேன். இதைப் போட்டேன். இதான் உடைஞ்சுது."

மனைவியின் கை துணியில் அப்படியே நின்றது. "ஏங்க? ஏன் கழட்டினீங்க?"

என்ன சொல்வது? நிலை கெட்டுப்போகும் என்று சொல்லலாம், பார்க்க அழகாக இல்லை என்று சொல்லலாம். இரண்டும் நாக்கு நுனிவரை வந்தன. "பொறாமை" என்றான். "அவன் போட்டதை என் கண்ணால பாக்க முடியல."

மனைவி எழுந்து சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டாள். வெகுநேரம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

மகள் ஒரு திருகாணியைக் கையில் எடுத்துத் தன் சுண்டுவிரலோடு வைத்து அளந்து பார்த்தாள். விரல் நீளமாக இருந்தது. அப்புறம் வாசலைப் பார்த்தாள். புது நிலை, தகடு இல்லாமல் மொட்டையாக நின்றது. அப்பா எடுத்து வைத்திருந்த திருப்புளி அதன் அடியில் கிடந்தது.

"அப்பா."

"சொல்லும்மா."

"இதையும் சித்தப்பாவையே போடச் சொல்றீங்களா?"

கோபமாகக் கேட்கவில்லை. கெஞ்சித்தான் கேட்டாள். அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை. இரண்டு தெரு தள்ளி இருக்கிற கடைக்கு அவனே திரும்பி நடந்துபோய்த் தம்பியைக் கூட்டிக்கொண்டு வந்தான்.

மகள் சித்தப்பாவின் பையை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டாள். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கேட்காமலே இரண்டு டீ கொண்டுவந்தாள். சின்னவன் துளை போட்டான். நிலையைத் தாண்டிச் சுவர் வரைக்கும் போனான். நாலங்குலத் திருகாணிகளை ஒவ்வொன்றாகப் பெரியவன் எடுத்துக் கொடுத்தான். முடித்ததும் நாலும் நாலு திசை பார்த்தன. பெரியவனின் விரல்கள் பரபரத்தன, கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

மகள் கதவைச் சாத்திப் பூட்டி, இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தாள். அசையவில்லை. புத்தகத்தை எடுத்துக்கொண்டு தன் அறைக்குள் போனாள். எட்டு நாளில் அது முதல் தடவை. உள்ளே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது.

பெரியவனுக்கு வயிறு எரிந்தது. எரியட்டும் என்று தம்பி குடித்துவிட்டு வைத்த டம்ளரைக் கழுவப் போனான்.