முதல் வரிசைக் கூடாரம்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இது திருட்டுக் கதை. எங்கள் குடியிருப்பின் முற்றத்திலிருந்து திருடியது.

ஏப்ரல் மாதம் ஒரு சனிக்கிழமை. நான்காம் மாடியில் என் சமையலறை ஜன்னலோரம் காப்பியோடு நின்றிருந்தேன். கீழே சைக்கிள் கொட்டகைக்கும் குப்பைத் தொட்டிகளுக்கும் நடுவே மூன்றாம் மாடி சௌரோ ஓர் ஆரஞ்சுக் கூடாரத்தை எழுப்பிக்கொண்டிருந்தார். சிமெண்டுத் தரையில் முளையடிக்க முடியாது. அதனால் ஒரு கயிறு கொட்டகைத் தூணில், ஒரு கயிறு தண்ணீர்க் குழாயில், இன்னொன்று தரைத்தளத்து ஃபுல்வியா அம்மாளின் ஜன்னல் கம்பியில். தலைக்கயிறு மட்டும் தெருப்பக்கத்துப் பெரிய கேட்டில் இழுத்துக் கட்டியிருந்தது.

அடுத்த வீட்டு விஷயம் என்றால் எழுதுகிறவனுக்கு நாக்கில் எச்சில் ஊறும். உடனே உட்கார்ந்துவிட்டேன்.

"டூரின் நகரத்தின் கூரைகள் மேல் இளவெயில்—"

(வேண்டாம். வெயிலில் தொடங்கும் கதைகளை நானே படிப்பதில்லை.)

"கடலை முதன்முதலாகப் பார்த்தபோது சௌரோவுக்கு—"

(அவர் எப்போது கடலைப் பார்த்தார் என்று எனக்கென்ன தெரியும்?)

"லொரெதானாவுக்குப் பயமாக இருந்தது."

இது இருக்கட்டும். இது உண்மை.

2

லொரெதானா எங்கள் தெருமுனை மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். எந்த மாத்திரை எதைக் கெடுக்கும் என்பது அவளுக்குத் தலைகீழ்ப் பாடம். வருகிற அம்மாமார்களையெல்லாம் "ஒண்ணும் ஆகாது சிஞ்ஞோரா, தைரியமா போடுங்க" என்று சொல்லி அனுப்புவாள். தன் புருஷன் விஷயத்தில் மட்டும் அந்த வார்த்தையில் அவளுக்கே நம்பிக்கை இல்லை.

ஜனவரியில் சௌரோவுக்கு மாரடைப்பு வந்தது. பெரிய கேட்டை எங்கள் கட்டடத்தில் சாதாரணமாகத் திறப்பதில்லை. ஆள் போய்வர அதிலேயே ஒரு சின்னக் கதவு உண்டு. அன்று ஆம்புலன்ஸ் உள்ளே வர வேண்டுமென்று இரண்டு இரும்புக் கதவுகளையும் தள்ளித் திறந்தார்கள். அந்தக் கிறீச்சொலி அவள் காதை விட்டு இன்னும் போகவில்லை.

சௌரோ பிழைத்து வந்தார். நடக்கலாம், படியேறலாம், நீந்தலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். கார்த் தொழிற்சாலையில் பெயிண்ட் அடித்து ஓய்வு பெற்ற மனிதர். வீட்டுக்கு வந்ததும் அவர் கேட்ட முதல் கேள்வி, "கூடாரம் எங்கே?"

கல்யாணம் ஆன நாளிலிருந்து இவர்களுடைய ஆகஸ்ட் மாதம் தெற்கே மத்தியதரைக்கடல் கரையில், பைன் மரத் தோப்பில், எல்வியோவின் கூடார மைதானத்தில்தான். அதிலும் முதல் வரிசை. கூடாரத் துணியை விலக்கினால் மணல், மணலைத் தாண்டினால் தண்ணீர். பக்கத்துக் கூடாரங்களில் ரென்ஸோ, இனெஸ் என்று அந்த வரிசைக்காரர்களுக்கு ஒரு மிதப்பு உண்டு. கழிவறை பக்கத்திலுள்ள கடைசி வரிசைக்காரர்களைப் பார்த்து வெறுமனே தலையை ஆட்டுவார்கள், அவ்வளவுதான். ஈஸ்டருக்கு முன்னால் போன் செய்து வாய்ச்சொல் கொடுத்துவிட்டால் பழைய இடம் பழைய ஆளுக்கே. ஈஸ்டர் தாண்டினால் அது யாருக்கோ போய்விடும்.

ஈஸ்டர் அடுத்த ஞாயிறு. லொரெதானா இன்னும் போனை எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக மலையடிவாரத்திலிருக்கும் அக்காவிடம், இந்த வருஷம் உங்கள் வீட்டுக்கு வருகிறோம் என்று சொல்லி வைத்திருக்கிறாள். அங்கே ஆஸ்பத்திரி அடுத்த தெருவில்.

"உங்க அக்கா வீட்ல சகலையோட சீட்டாடிக்கிட்டு கெடக்கணுமா? அதுக்கு நான் ஆஸ்பத்திரியிலயே இருந்திருப்பேனே. அங்க நர்ஸாவது சிரிச்சுப் பேசுது."

"பேசும் பேசும். ரெண்டு நாள் உன்னைக் கட்டி மேய்க்கச் சொல்லு, சிரிப்பெல்லாம் தெரிஞ்சுடும்."

"கடல்ல எனக்கு என்ன ஆகும், லொரெ?"

"போன வருஷம் என்ன சொன்னே? 'ஒரு துண்டு தர்பூசணிதான் சாப்பிட்டேன்'னே. ஒரு தட்டு பாஸ்தாவை முழுங்கிட்டு தண்ணியில எறங்கின ஆளு நீ!"

* சாப்பிட்டு மூன்று மணி நேரம் கடலில் இறங்கக் கூடாது என்பது இங்கே கைக்குழந்தைக்கும் தெரியும். அப்படி ஒன்றும் இல்லை என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். அதை அவர்கள் தங்கள் அம்மாக்களிடம் சொல்லிப் பார்க்கட்டும்.

* லொரெதானாவை "ஏங்க" என்று கூப்பிட வைத்துப் பார்த்தேன். தமிழில் எழுதுகிறேனே, கொஞ்சம் ஒத்துழைக்கக் கூடாதா? அவள் புருஷனை அப்படி அழைக்கிற ஆள் இல்லை. விட்டுவிட்டேன்.

3

இப்போது சௌரோவின் மேல் எனக்கு ஒரு சந்தேகம். துணி மக்கிவிட்டதா என்று பார்க்கத்தான் முற்றத்தில் கூடாரம் போட்டதாக அவர் எல்லோரிடமும் சொன்னார். மக்கியிருக்கிறதா என்று பார்க்க விரித்துப் பார்த்தால் போதாதா? தன்னால் இன்னும் கம்பு நட முடியும், கயிறு இழுக்க முடியும் என்று மூன்றாம் மாடி ஜன்னலுக்குக் காட்ட வேண்டியிருந்தது. ஜன்னலில் லொரெதானா இருந்தாள். அவர் மூச்சு வாங்குவதை மேலிருந்தே எண்ணிக்கொண்டிருந்தாள்.

ஃபுல்வியா அம்மாள் தன் ஜன்னலுக்கு வந்தார்.

"என்ன சௌரோ, சர்க்கஸ் வருதா?"

"ஆமா சிஞ்ஞோரா. யானைக்கு இடம் பார்த்துக்கிட்டிருக்கேன். நீங்க ஃப்ரீயா?"

"முற்றத்துல சத்தம் கூடாதுன்னு விதி இருக்கு, ஞாபகம் வெச்சுக்கோ. கொஞ்சம் தள்ளிக் கட்டு, என் துளசிச் செடி நசுங்குது!"

லொரெதானாவுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று பாத்திரம் கழுவப் போய்விட்டாள். சௌரோ கூடாரத்துக்குள் குனிந்து நுழைந்தார்.

அந்தப் பெரிய கேட்டைக் குப்பைக்காரர்கள் மட்டும்தான் திறப்பார்கள். காகிதக் குப்பை எடுப்பது செவ்வாய்க்கிழமை என்பது இந்தக் கட்டடத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்த நம்பிக்கையில்தான் சௌரோ தலைக்கயிற்றை அங்கே கட்டினார். குளிர்காலத்தில் அது சனிக்கிழமைக்கு மாறிவிட்டது. அறிவிப்பு ஒட்டிய வாரம் அவர் ஆஸ்பத்திரியில் இருந்தார்.

4

கிறீச்.

லொரெதானாவின் கையில் தட்டு இருந்தது. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். இரண்டு கதவும் திறக்கிற சத்தம். அடுத்து துணி சரிகிற ஓசை, பிறகு ஃபுல்வியா அம்மாளின் அலறல்.

"லொரெதானா! உன் புருஷன்!"

கையில் துடைக்கும் துணியோடு, வீட்டுச் செருப்போடு, மூன்று மாடியையும் இறங்கினாள். முற்றத்தில் கூடாரம் தரையோடு தரையாகக் கிடந்தது. குப்பைக்காரர் கேட்டருகே தொப்பியைக் கழற்றிக்கொண்டு நின்றார். ஆரஞ்சுத் துணிக்கு அடியில் ஒரு மேடு. மேடு அசையவில்லை.

"சௌரோ!"

அவள் மேட்டை நோக்கி ஓடினாள்.

"சௌரோ, விளையாடாதே!"

அவள் துணியைத் தூக்கினாள். அவருடைய கை சில்லென்று—

(இல்லை. நிறுத்திவிட்டேன்.)

இந்த வாக்கியத்தை என் பேனா தானாக எழுதியது. பழக்கதோஷம். கதையை எப்படி முடிப்பது என்று தெரியாதபோது நாங்கள் யாரையாவது கொன்றுவிடுவோம். பெரும்பாலும் புருஷனை. வாசகரும் "ஐயோ" என்பார், கதை ஆழமாகிவிடும். லிஃப்ட் பாதி நாள் ஓடாத கட்டடம் இது. படியில் ஒருநாள் லொரெதானாவைப் பார்த்தபோது, உங்களை வைத்து ஒரு கதை எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அவள் இரண்டு படி மேலே நின்று கேட்டாள், "அதுல அவரைக் கொன்னுட்டீங்களா?"

"இல்ல..."

"உங்க மூஞ்சியே சொல்லுது. இதோ பாருங்க எழுத்தாளரே, ஜனவரியிலேர்ந்து நான் அதைத் தினமும் மனசுக்குள்ள எழுதிக்கிட்டிருக்கேன். நல்லா எழுதறேன், உங்களை விட. அதை எழுத நீங்க வேற வேணாம்."

அந்த வரியை அடித்துவிட்டேன். அடித்தது தெரியட்டும் என்றுதான் மேலே அப்படியே விட்டிருக்கிறேன்.

5

நான் என் ஜன்னலிலிருந்து பார்த்தது இவ்வளவுதான். அவள் துணியைத் தூக்கினாள், குனிந்து உள்ளே போனாள், துணி மறுபடி விழுந்தது. ஒரு மேடு இரண்டு மேடானது. வெகுநேரம் யாரும் வெளியே வரவில்லை. அடுத்து வருவது நான் கட்டியது.

துணிக்கடியில் சௌரோ மல்லாந்து படுத்திருந்தார். கண் திறந்திருந்தது. மூச்சு சீராக இருந்தது. அவள் அவருடைய நெஞ்சில் கை வைத்துப் பார்த்தாள், பிறகு அதே கையால் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"ஆ! நெஞ்சுல அடிக்காதே, டாக்டர் திட்டுவார்."

"கூப்பிட்டா வாயைத் திறந்து சொல்றதுக்கென்ன? ஏன் பேசாம கெடந்தே?"

"மணல் இருக்கு, லொரெ. தையல் மடிப்புல பாரு. போன வருஷத்து மணல். பைன் பிசின் வாசனைகூட போகல. கொஞ்ச நேரம் அங்கயே இருந்துட்டேன், அதான்."

அவள் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"அங்க உனக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் என்ன பண்ணுவேன்?"

"இங்க ஆனப்ப என்ன பண்ணினே?"

"கத்தினேன்."

"அங்கயும் கத்து. முதல் வரிசை, கடல்ல இருக்கிறவனுக்கும் கேக்கும்."

"முதல் வரிசைக்கு ஆம்புலன்ஸ் வராது, சௌரோ. மணல்ல சக்கரம் புதையும். நான் யோசிக்காத நாளே இல்லை." ஜனவரியிலிருந்து உள்ளே வைத்திருந்ததை அவள் அந்த இருட்டில் கொட்டித் தீர்த்தாள். "போகலாம். ஆனா கடைசி வரிசை. வாசல் பக்கம். முளையடிக்கிறது நான். சாப்பிட்டா கடல்ல எறங்கறது நான் சொல்ற நேரத்துக்கு."

"கடைசி வரிசையா? கக்கூஸ் பக்கத்துலயா? ரென்ஸோ என்ன நெனைப்பான்? இனெஸ் தலையை ஆட்டிட்டுப் போவா."

"ஆட்டட்டும்."

அவர் தையல் மடிப்பு மணலை விரலால் ஒவ்வொரு பொடியாகத் தள்ளினார். வெளியே குப்பைக்காரர் ஃபுல்வியா அம்மாளிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்தார். ஒரு மனிதன் தன் முதல் வரிசையை விட்டுக்கொடுக்க அவ்வளவு நேரம் ஆகத்தான் செய்யும்.

"சரி," என்றார் சௌரோ.

* இந்தப் பகுதியை லொரெதானாவுக்கு வாசித்துக் காட்டினேன். "எப்படித் தெரிஞ்சுது?" என்று கேட்டாள். பிறகு ஒரே ஒரு திருத்தம் சொன்னாள்: "நான் அழலை." சரி. அழவில்லை. (நான் எழுதவே இல்லையே, அழுதாள் என்று.)

6

போன் பேச்சை நான் கட்டவில்லை, லொரெதானாவே சொன்னது. கட்டியிருந்தால் இத்தனை வசதியாக அமைத்திருக்கமாட்டேன், வெட்கமாக இருந்திருக்கும்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் அவள் எல்வியோவைக் கூப்பிட்டாள். போனை மேசைமேல் வைத்து, இருவருக்கும் கேட்கும்படி பேசினாள். சௌரோ சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

"லொரெதானா! வழக்கம்போல முதல் வரிசைதானே?"

"இல்ல எல்வியோ. இந்த வருஷம்... கடைசி வரிசை. வாசலுக்குப் பக்கமா ஏதாவது..."

"கடைசி வரிசையா? அது பிப்ரவரியிலயே தீர்ந்துபோச்சே!"

"தீர்ந்துபோச்சா? யாரு?"

"யாருன்னா? உங்க ஆளுங்கதான். ரென்ஸோவுக்கு முழங்கால். இனெஸுக்கு இடுப்பு. ஒவ்வொருத்தரா தனித்தனியா கூப்பிட்டு, 'மத்தவங்ககிட்ட சொல்லிடாதே'ன்னு சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. முதல் வரிசைன்னு சும்மா சீண்டிப் பார்த்தேன், அது பூரா இப்ப டச்சுக்காரங்க."

சௌரோ திரும்பினார். "என் இடத்துலயா? டச்சுக்காரனா?"

"ஆ, சௌரோ, நீயும் இருக்கியா? கேளு. ஜனவரி விஷயம் காதுக்கு வந்துச்சு. நீ வாயைத் திறந்து கேக்கமாட்டேன்னு எனக்குத் தெரியாதா? ரென்ஸோவுக்கும் இனெஸுக்கும் நடுவுல ஒரு இடம் புடிச்சு வெச்சிருக்கேன். கக்கூஸுக்குப் பத்தடி."

லொரெதானா வாயைப் பொத்திக்கொண்டாள். சௌரோ முதலில் முறைத்தார். பிறகு தோள் குலுங்க ஆரம்பித்தது. அடக்க முடியாமல் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்.

"ரென்ஸோ அங்கதானா? அப்ப அது எப்படிக் கடைசி வரிசை ஆகும்? வாசல்லேர்ந்து எண்ணினா அதுதான் முதல் வரிசை!"

"எண்ணு, எண்ணு," என்றாள் லொரெதானா. "வாசல்லேர்ந்தே எண்ணு."

7

மே மாதம் முழுக்க அவள் முற்றத்து மண் பாத்தியில் முளையடித்துப் பழகினாள். முதல் முளை வளைந்தது. அடுத்தது ஃபுல்வியா அம்மாளின் துளசியை ஒரு வழி பண்ணியது. "சுத்தியலைக் காதுக்கு மேல தூக்காதே" என்று சௌரோ நாற்காலியில் உட்கார்ந்து கத்தினார். உட்கார்ந்திருக்கும்படி அவருக்கு உத்தரவு. அக்காவிடம் லொரெதானா என்ன சொல்லிச் சமாளித்தாள் என்று எனக்குத் தெரியாது. சகலைக்கு நிம்மதியாகத்தான் இருந்திருக்கும்.

ஆகஸ்ட் வந்தது. நேற்று காலை கிளம்பினார்கள். காரின் கூரையில் ஆரஞ்சு மூட்டை. படியில் என்னைப் பார்த்ததும் அவள் தன் வீட்டுச் சாவியைக் கையில் திணித்தாள்.

"துளசிக்குத் தண்ணி ஊத்துங்க. ஃபுல்வியாவுக்குப் புதுசா ஒண்ணு வாங்கி வெச்சிருக்கேன், வந்து குடுக்கணும். கதையை முடிச்சுட்டீங்களா?"

"முடிவுதான் வரல."

"எங்களுக்கே வரல, உங்களுக்கென்ன அவசரம்?" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள். கீழே சௌரோ ஹாரன் அடித்தார். ஃபுல்வியா அம்மாள் விதியை நினைவுபடுத்தினார்.

"வந்து குடுக்கணும்" என்றாளே, நீங்கள் கவனித்தீர்களா? வரப்போகும் ஒரு நாளைப் பற்றி ஜனவரிக்குப் பிறகு அவள் இத்தனை சாதாரணமாகப் பேசி நான் கேட்டதில்லை. அது போதும் எனக்கு.

மிச்சம் இப்போது பைன் மரத்தடியில் நடக்கிறது. இந்த ஜன்னலிலிருந்து தெரியாது. என் பேனாவின் பழக்கம் உங்களுக்குத் தெரியும், அதனால் அதை மூடிவிட்டேன். முடிவை நீங்கள் எழுதுங்கள். ரென்ஸோவோடு சண்டை போட வையுங்கள், டச்சுக்காரனோடு உறவாட வையுங்கள், அவரைக் கடலில் இறக்குங்கள். டாக்டர் நீந்தலாம் என்றுதான் சொல்லியிருக்கிறார்.

ஒன்று மட்டும். "ஒரு துண்டு தர்பூசணிதான் சாப்பிட்டேன்" என்று உங்களிடமும் சொல்வார். நம்பாதீர்கள். லொரெதானா கரையில் கடிகாரத்தோடு உட்கார்ந்திருக்கிறாள். அவள் தலையசைக்கட்டும், அப்புறம் எழுதுங்கள்.