நாற்பத்தோராம் துளை

ஒரு காட்டில், நீரூற்றைக் கண்ட யானை விடியும்வரை பிளிறக்கூடாது என்று சட்டம் இருந்ததாம். எல்லா விலங்குகளும் ஒரே நேரத்தில் அறியவேண்டும். எவரும் முந்திக்கொண்டு பிறர் பங்கைக் குடித்துவிடக்கூடாது. நியாயமான சட்டம்தான். தாகத்தால் விழுந்துகிடக்கும் யானைக்கு விதிவிலக்கு எழுதத்தான் மறந்துவிட்டார்கள்.

கிருஷ்ணராசாவுக்கும் அப்படியொரு சட்டம் இருந்தது. நமீபியப் பாலைவனத்தில் யுரேனியம் தேடும் சிறிய இலண்டன் நிறுவனத்தின் தலைவர் அவர். பங்குச் சந்தையில் இருக்கும் நிறுவனம். ஆகவே துளையிட்டுக் கண்டது எதுவானாலும் காலை ஏழு மணிக்கு உலகத்துக்கே ஒன்றாகத்தான் அறிவிக்கவேண்டும். அதற்குமுன் வெளியார் ஒருவருக்கும் சொல்லக்கூடாது.

அந்த நிலத்தைப் பதினொரு ஆண்டுகள் கால்நடையாக அளந்தவர் நிலவியலாளர் யோகலிங்கம். நாற்பது துளைகள் வெறுமையாகப் போனபின்பும், "இந்த மேட்டிலை இன்னும் ஒண்டு" என்று மன்றாடி இடம் குறித்துக் கொடுத்தவர். நோய் அவரை வேலையிலிருந்து விலக்கியது. விலகியதும் அவரும் வெளியார் ஆனார்.

அந்த நாற்பத்தோராம் துளையின் பரிசோதனை முடிவு வந்த அன்று மாலை, கிருஷ்ணராசா அவரைப் பார்க்க இலண்டன் மருத்துவமனைக்குப் போனார்.

"என்ன ராசா, துளை என்ன சொல்லுது?"

"நாளைக்குக் காலமை ஏழு மணிக்கு அறிவிப்பம் அண்ணை. அதுக்கு முன்னம் சொல்லேலாது."

"நான் ஆருக்கடா சொல்லப்போறன்? பக்கத்துக் கட்டில் வெள்ளைக்காரனுக்கோ? அந்தாளுக்குக் காதும் கேளாது."

கட்டிலருகே இருந்த மனைவி தவநாயகி சிரித்தாள். யோகலிங்கம் சிரிக்கவில்லை.

"சரி, வாயாலை சொல்லவேண்டாம். முகத்தைக் காட்டு. நான் வாசிக்கிறன்."

கிருஷ்ணராசாவுக்கு உதடு துடித்தது. ஒரு புன்னகை போதும். ஆனால் அதுவும் சொன்னதாகத்தானே ஆகும்? இன்னும் ஓர் இரவுதானே! முகத்தை யன்னல் பக்கம் திருப்பி, மழையைப் பற்றி ஏதோ பேசிவிட்டு எழுந்தார்.

மறுநாள் அறிவிப்பை அச்சிட்டு எடுத்துக்கொண்டு, ஏழு மணி ஆகும்வரை மருத்துவமனை வாசலிலேயே நின்றார். ஏழு அடித்ததும் ஓடினார்.

கட்டிலைச் சுற்றித் திரை இழுக்கப்பட்டிருந்தது. வெளியே தவநாயகி நின்றிருந்தாள்.

"அஞ்சரைக்குத் தம்பி."

கிருஷ்ணராசா கையிலிருந்த தாளை மடித்தார்.

"நீங்கள் போனாப்பிறகு யன்னலையே பாத்துக்கொண்டு கிடந்தார். பிறகு சொன்னார், 'அதுவும் வெறுந்துளைதான், தவம். பாவம், அவனுக்குச் சொல்ல மனம் வரேல்லை. அவனிலை கோவிக்காதை' எண்டு."

கிருஷ்ணராசாவின் சட்டைப்பையில் கைப்பேசி ஓயாமல் அதிர்ந்தது. வாழ்த்துகள்.

"உண்மையா வெறுந்துளைதானோ?"

அவர் கண்கள் யன்னலைத் தேடின.

"இந்த முறையாவது முகத்தைத் திருப்பாமல் சொல்லுங்கோ."

"இருந்தது அக்கா. அண்ணை காட்டின இடத்திலையே... நாங்கள் நினைச்சதிலும் கூட."

தவநாயகி கையை நீட்டித் தாளை வாங்கினாள். மேசையிலிருந்த கணவரின் மூக்குக்கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு, திரையை விலக்கித் தனியே உள்ளே போனாள்.