சுரங்கத்தில் பிறந்த பையன்

பத்து மணிக்குக் கதவைத் திறக்க வேண்டும். ஒன்பது ஐம்பதுக்கே எனிட் லெகட்டும் கேட்ச்போலும் சுரங்க வாசலில் நின்று, யார் முதலில் உள்ளே போவது என்று உபசாரம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க போங்க, மிஸஸ் லெகட்."

"சாவி உங்க கையில இருக்கு. நீங்களே போங்க, மிஸ்டர் கேட்ச்போல்."

பதினோரு வருடம் சேர்ந்து வேலை செய்தும் இன்னும் மிஸ்டரும் மிஸஸும்தான். சம்பளமில்லாத வேலை. இரண்டாம் உலகப் போரின்போது சால்ட்வெல் ஊரே குண்டுக்குப் பயந்து பதுங்கிய சுரங்கத்தை, வருகிறவர்களுக்குச் சுற்றிக்காட்ட வேண்டும். ஆனால் வருகிறவர்கள்தான் இல்லை. கோட்டைக்குப் போவார்கள், பீரங்கி பார்ப்பார்கள், கடற்கரையில் பொரித்த மீனைத் தின்றுவிட்டு ரயிலேறிவிடுவார்கள். இந்த ஈரச் சுவரை எட்டிப்பார்க்க நாளுக்கு ஏழு பேர் வந்தால் அதிசயம். அதனால்தான் கோட்டையையும் சுரங்கத்தையும் நடத்தும் அறக்கட்டளையிலிருந்து மிஸ் ஹெப்வர்த் இன்று பார்வையிட வருகிறாள். தேறாது என்று அவள் எழுதிவிட்டால் சுரங்கத்துக்குப் பூட்டு. உள்ளிருக்கும் சாமான்களெல்லாம் கோட்டைக்கு. எனிட் மூன்று நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை.

உபசாரம் முடிகிற வழியாக இல்லை. இரண்டு பேர் முன்பின்னாக நின்றால் இந்த ஊரில் அது வரிசை. ஒரு தம்பதி வந்து பின்னால் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் மழைக்கோட்டு போட்ட ஒருவர். எதற்கு வரிசை என்று ஒருவரும் கேட்கவில்லை, கேட்டால் நாகரிகமில்லை. பத்தேகாலுக்கு அது தபாலாபீஸ் வரை நீண்டிருந்தது. நடுவில் மிஸ் ஹெப்வர்த்தும் ஒழுங்காக நின்றுகொண்டிருந்தாள்.

உள்ளே வந்ததும் கூட்டத்துக்குச் சப்பென்றாகிவிட்டது. "ஐஸ்கிரீம்னு நினைச்சேன்," என்றார் மழைக்கோட்டுக்காரர் மெதுவாக.

கேட்ச்போல் தொண்டையைச் செருமினார். நல்ல மனிதர்தான், குரல் மட்டும் ரயில்வே அறிவிப்பு. "இந்தப் பெஞ்சுலதான், நாப்பதாம் வருஷம், மேல குண்டு விழுந்துட்டு இருக்கும்போது ஒரு ஆண் குழந்தை பிறந்துச்சு."

எனிட் வழக்கம்போலத் தரையைப் பார்த்தாள். பதினோரு வருடமாக ஆண் குழந்தை என்கிறார். பிறந்தது பெண். அது எனிட்டேதான். முதல் நாளே திருத்தியிருக்கலாம். நாலு பேர் முன்னால் ஒரு மனிதரை எப்படித் திருத்துவது? மறுநாள் சொன்னால், நேற்று ஏன் சொல்லவில்லை என்பாரே. தன்னைப் பற்றித் தானே பேசுவதும் பெருமையடிப்பதாகிவிடும். இப்படியே வாயில் கொழுக்கட்டையோடு காலம் ஓடிவிட்டது.

கூட்டம் வாசல் பக்கம் திரும்பத் தொடங்கியது. மிஸ் ஹெப்வர்த் பேனாவைத் திறந்தாள். "இந்த மாதிரி பெஞ்சு கோட்டையிலயே நாலு இருக்கு. இதையும் அங்கேயே போட்டுடலாம்."

எனிட் ஓரடி முன்னால் வந்தாள்.

"மன்னிக்கணும்," என்றாள். "பையன் இல்ல."

"என்ன இல்ல?" என்றார் கேட்ச்போல்.

"பொண்ணு. நான்தான்." என்றாள் எனிட். "கத்தினா பக்கத்துல இருக்கறவங்க பயந்துடுவாங்கன்னு, எங்கம்மா பேக்கரிக்காரம்மாவோட கோட்டுக் கையைக் கடிச்சுக்கிட்டே பெத்தாங்க. அப்புறம், கோட்டு கிழிஞ்சதுக்கு மன்னிப்பு வேற கேட்டாங்களாம். இது எனக்குப் பொறந்த வீடு. எடுத்துட்டுப் போயிடாதீங்க."

வாசலுக்குப் போனவர்கள் திரும்பி வந்தார்கள். மழைக்கோட்டுக்காரர் தொப்பியைக் கழற்றினார். "நீங்க உட்காருங்கம்மா," என்று பெஞ்சைக் காட்டினார். எனிட் உட்கார்ந்தாள். இத்தனை வருடத்தில் இன்றுதான் முதல் தடவை; அதைத் தொடக்கூடாது என்று பலகை எழுதி வைத்ததே அவள்தான்.

மிஸ் ஹெப்வர்த் அவளைப் பார்த்தாள், கையிலிருந்த தாளைப் பார்த்தாள், பேனாவை மூடினாள். "பொறந்த வீட்டைப் பூட்டின பாவம் எனக்கு வேண்டாம். அடுத்த சனிக்கிழமை வர்றவங்களுக்கும் இதைச் சொல்லுவீங்களா?"

"தினமும் சொல்றேன்," என்றாள் எனிட். அழுகை வந்துவிட்டது. ஊர் முன்னால் அழுதது வெட்கமாக இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது.

எல்லோரும் போன பிறகு கேட்ச்போல் காது மடல் சிவக்க வந்து நின்றார். "ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, மிஸஸ் லெகட். உங்களைப் பக்கத்துல வச்சுக்கிட்டே பதினோரு வருஷமா பையன், பையன்னு..."

"விடுங்க," என்றாள் எனிட். "எங்கம்மாவும் கடைசி நிமிஷம் வரைக்கும் பையன்னுதான் சொல்லிட்டு இருந்தாங்களாம்."