காணிக்கை மேசையில் ஒரு ஆயில் ஃபில்டர்

“உன் கையில என்னம்மா வெளையுது?” என்று ரத்தினபாய் அக்கா ஒருமுறை ஹெப்சியைக் கேட்டாள்.

ஆராதனை முடிந்து எல்லாரும் செருப்புத் தேடிக்கொண்டிருந்த நேரம். விளைந்ததைக் காணிக்கையாகப் படைத்து ஏலம் விடும் அறுப்பின் பண்டிகைக்கு இரண்டு வாரம் இருந்தது. பீர்க்கன்கரணைச் சபையின் பெண்கள் சங்கத்துக்கு ரத்தினபாய்தான் செயலாளர். யார் என்ன காணிக்கை கொண்டுவருகிறார்கள் என்று எழுதிக்கொண்டே வந்தாள். அவரவர் உழைப்பில் வந்த பொருளாக இருக்க வேண்டும் என்பது அந்த வருஷம் அவள் போட்ட புதுச் சட்டம். கேக் ஒருத்தி, நார்த்தங்காய் ஊறுகாய் ஒருத்தி, மொட்டைமாடிக் கத்திரிக்காய் ஒருத்தி என்று பெயர் கொடுத்துவிட்டார்கள். ஹெப்சி மட்டும் தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

ஹெப்சிக்குப் பத்தொன்பது வயது. பத்தாம் வகுப்பில் பாதியிலேயே பள்ளிக்கூடத்தை விட்டவள். படிப்பு வராமல் அல்ல, பேச்சு வராமல். டீச்சர் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாலே பெஞ்சுக்கு அடியில் குனிந்துவிடுவாள். அன்றிலிருந்து முடிச்சூர் சாலையில் அப்பாவின் கார் உதிரிபாகக் கடையில் உட்கார்ந்திருக்கிறாள். வருகிறவர்கள் சீட்டை நீட்டுவார்கள், அவள் பொருளை நீட்டுவாள். வாய்க்கு வேலையே இல்லாத வியாபாரம்.

“கேக் செய்வியா?”

தலை ஆடியது.

“ஒரு கர்ச்சீப்பாவது பின்னுவியா?”

அதற்கும் ஆடியது.

“பின்ன என்னதான் தரப்போற?”

“ஆயில் ஃபில்டர்” என்றாள் ஹெப்சி, காற்றுக்கும் கேட்காத குரலில்.

ரத்தினபாய் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பார்த்தாள். “அது சாப்பிடறதா, பூசிக்கறதா?”

“கார்ல மாட்றது அக்கா. இன்ஜின் எண்ணெயை வடிகட்டும்.”

“சரி, எங்க சங்கத்துல காபி வடிகட்டி வாங்கணும்னே ரொம்ப நாளா பேசிக்கிட்டிருக்கோம். அதுக்கு முன்னாடி இது வந்து சேருது” என்று எழுதிக்கொண்டாள்.

சொல்லிவிட்டாளே தவிர, கர்த்தருக்குக் கொடுப்பதை ஏனோதானோ என்று கொடுக்க முடியுமா? பண்டிகைக்கு முந்தின நாள் மத்தியானம், கடையில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து, ஃபில்டர்களை மேசைமேல் வரிசையாக வைத்தாள். சபையில் பாதிப் பேர் வைத்திருப்பது ஒரே மாதிரிச் சின்ன கார். அதற்குப் பொருந்துவது நான்கு கம்பெனிகளில் இருந்தது. வெண்டைக்காய் வாங்குகிறவள் நுனியை ஒடித்துப் பார்ப்பதுபோல் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். முதலாவது கையில் எடுத்தபோதே லேசாக இருந்தது. உள்ளே காகிதத்தில் கஞ்சத்தனம் செய்திருக்கிறான். இரண்டாவதின் வாயிலிருந்த ரப்பர் வளையத்தை நகத்தால் அழுத்தினால் முந்தாநாள் வடைபோல் இறுகிக் கிடந்தது. அந்த ரப்பர் சரியாகப் படியாவிட்டால் எண்ணெய் கசியும். மூன்றாவதை வெளிச்சத்தில் பிடித்து ஓட்டை வழியாகப் பார்த்தாள். உள்ளே காகித மடிப்புகள் அவசரத்தில் கட்டிய புடவைக் கொசுவம்போல் கோணல்மாணலாக இருந்தன. நான்காவதுதான் கனமாக இருந்தது. மடிப்பு சீராக இருந்தது. ரப்பர் அமுங்கி உடனே எழுந்தது. திருகி மாட்டும் மறையின் வெட்டில் பிசிர் இல்லை. அதைத் துடைத்து, மஞ்சள் ரிப்பன் ஒன்று கட்டினாள்.

மறுநாள் கோயில் முன்பக்கம் முழுக்க வாழைமரமும் கரும்பும். படப்பைப் பக்கத்திலிருந்து வந்த பூசணிகள் பலிபீடப் படிவரை உருண்டு கிடந்தன. ஆராதனைக்குப் பிறகு ஏலம். ஏலம் விடுகிறவர் எலியேசர் சார். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் இயற்பியல் நடத்தி ஓய்வு பெற்றவர். அவர் கையில் ஒரு தேங்காய் ஏறினால் ஒரு மூட்டைத் தேங்காயின் விலைக்குத்தான் இறங்கும்.

கால் கட்டிய சேவல் ஒன்று போனது. பலாப்பழம் ஒன்று போனது. அடுத்து ஃபில்டரைத் தூக்கினார்.

“இது எந்த மரத்துல காய்ச்சது?”

சபை சிரித்தது. ஹெப்சி தூணுக்குப் பின்னால் போனாள்.

“நம்ம ஹெப்சி குடுத்த ஆயில் ஃபில்டர். ஆடு வந்திருக்கு, கோழி வந்திருக்கு, இந்தக் கோயிலுக்கு இது வர்றது இதுதான் முதல் தடவை. யாரு கேக்கறீங்க?”

“சார், ஒரு நிமிஷம். இப்டி குடுங்க.”

எழுந்து வந்தவர் தாவீது. பெருங்களத்தூரில் மெக்கானிக் ஷெட் வைத்திருக்கிறார். சபைக் கார்கள் எல்லாம் அவர் கையில்தான். கையைவிடப் பெயர் பெற்றது அவர் மீசை. இரண்டு பக்கமும் சீவி, நுனி முறுக்கி, ஞாயிற்றுக்கிழமைகளில் எண்ணெய் வேறு வைத்திருப்பார். ஃபில்டரை உருட்டினார், விரலால் தட்டினார், உதட்டைப் பிதுக்கினார்.

“டூப்ளிகேட்டு சார். ரிப்பன் கட்டினா ஒரிஜினல் ஆயிடுமா இன்னா? மார்க்கெட்ல இதான் சுத்திகினு கீது. நான் வாங்கறது வேற கலரு. எவனாச்சும் இத்த மாட்டினா இன்ஜின் பேஜார்தான்.”

சிரிப்பு சட்டென்று நின்றது. ஹெப்சியின் அப்பா இருந்திருந்தால் பேசியிருப்பார். அவர் பின்கொட்டகையில் பிரியாணி அண்டாவுக்குக் காவல். ‘கர்த்தருக்கே டூப்ளிகேட் குடுத்த பொண்ணு’ என்று ஒரு பெயர் தன்மேல் ஒட்டப்போவது ஹெப்சிக்குத் தெரிந்துவிட்டது. ஒட்டினால் கடைப் பலகையிலும் ஒட்டும், கல்யாணப் பத்திரிகையிலும் ஒட்டும். எலியேசர் சார் தர்மசங்கடத்தோடு ஃபில்டரைத் திரும்ப வாங்கி மேசைக்கு அடியில் வைக்கப் போனார்.

எப்படி நடந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மேசைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

“சார், உங்க வண்டி தினமும் காலையில ஸ்டார்ட் பண்ணதும் கொஞ்ச நேரம் கடகடங்குது.”

எலியேசர் சாரின் வீடு அவள் தெருவில்தான். “ஆமாம்மா, ரெண்டு வாரமா. வீட்ல அவ நான்தான் இருமறேன்னு நினைச்சு கஷாயம் வச்சுட்டா.”

“எண்ணெய் இல்லாம ஓடுது சார். ராத்திரி வண்டி நிக்கும்போது ஃபில்டர்ல இருக்கற எண்ணெய் கீழ எறங்கிடக் கூடாது. உள்ள ஒரு ரப்பர் மூடி இருக்கு, அதுதான் புடிச்சு வைக்கணும். அது சரியில்லன்னா காலையில எண்ணெய் மேல போய்ச் சேர்ற வரைக்கும் இன்ஜின் காஞ்சு ஓடும்.”

பிறந்ததிலிருந்து அவள் பேசியதிலேயே நீளமான பேச்சு அது. ரத்தினபாய் வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“ஹலோ, அந்த வண்டிக்கு ஃபில்டர் போட்டதே நான்தான்” என்றார் தாவீது. “பக்கா ஒரிஜினல். அதே பெட்டியில ஒண்ணு என் ஸ்கூட்டர்ல கீது. கொண்டாரட்டா?”

“கொண்டாங்க அண்ணா.”

கொண்டுவந்தார். பளபளவென்று ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. ரிப்பன் கட்டியதைவிட அழகு என்றே சொல்ல வேண்டும்.

“ரெண்டையும் ஊதிப் பாருங்க” என்றாள் ஹெப்சி.

“இன்னாது?”

“நடு ஓட்டையில வாய் வச்சு ஊதணும். உள்ள மூடி நல்லா இருந்தா காத்து திரும்பி வராது. இல்லன்னா சுத்தி இருக்கற சின்ன ஓட்டை வழியா வரும். உங்களுக்கு ஈஸி அண்ணா. மீசை ஆடும்.”

எலியேசர் சாருக்கு முப்பது வருஷம் திரும்பி வந்துவிட்டது. “எல்லாரும் கவனிங்க. முதல் பரிசோதனை. பின்பெஞ்சு, பேசக் கூடாது.”

தாவீது ரிப்பன் கட்டிய ஃபில்டரில் வாய் வைத்து ஊதினார். கன்னம் இரண்டும் பணியாரமாக உப்பின. ரத்தினபாய் மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டே வந்து பார்த்தாள்.

“ஆடலை” என்று சபைக்கு அறிவித்தாள். “நல்லா ஊதுங்க தம்பி, கேக்ல மெழுகுவத்தி ஊதற மாதிரி ஊதினா எப்படி?”

மறுபடி ஊதினார். முகம் சிவந்தது. மீசை அசையவில்லை.

“இரண்டாவது பரிசோதனை” என்றார் எலியேசர் சார்.

ஆரஞ்சு ஃபில்டரை வாயில் வைத்து அரைமூச்சுதான் விட்டிருப்பார். மீசையின் இரண்டு நுனியும் காக்கைச் சிறகுபோல் மேலே எழுந்தன. சேவல் கூவியது. கோயிலே குலுங்கிச் சிரித்தது. உதடு சரியாகப் படியவில்லை என்று நினைத்தாரோ என்னவோ, இன்னொரு தரம் ஊதினார். இன்னொரு தரமும் எழுந்தது. மூன்றாவது தரம் ஊதியபோது யாரும் சிரிக்கவில்லை. அவர் முகம் அப்படி ஆகியிருந்தது.

“கம்பெனி ஏஜென்ட்டுன்னு சொல்லிதான் ஒருத்தன் குட்தான்” என்றார், யாரிடமும் இல்லாமல். “பெட்டியோட வாங்கினேன்.”

“பார்த்தா தெரியாது அண்ணா” என்றாள் ஹெப்சி. “அச்சு, சீல் எல்லாம் அப்படியே போட்டுடறாங்க. எங்கப்பாகூட ஒரு தடவை ஏமாந்தாரு.”

ஏலம் மறுபடி தொடங்கியது. இந்த முறை பத்துக் கைகள் எழுந்தன. கார் இல்லாத ரத்தினபாயும் கை தூக்கினாள். “கார் அப்புறம் வாங்கிக்கறேன், முதல்ல இது இருக்கட்டும்” என்றாள். ஏலம் விடுகிறவர் கேட்கக் கூடாது என்று தெரிந்தும் எலியேசர் சார் தானும் ஒரு விலை சொன்னார். அதற்குமேல் ஒரே தாவலாக இரண்டாயிரம் என்றார் தாவீது. அதன்பிறகு ஒருவரும் ஏற்றிக் கேட்கவில்லை.

“ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம். உங்க ஷெட்ல எந்த வண்டிக்குப்பா இது?”

தாவீது காணிக்கைத் தட்டில் பணத்தை வைத்தார். ரிப்பனோடு ஃபில்டரை எடுத்து இடது கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். பிறகு வலது உள்ளங்கையை எலியேசர் சாருக்கு நேராக நீட்டினார். சாருக்குப் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் ஜிப்பாப் பையைத் துழாவி, கார்ச் சாவியை எடுத்து அந்தக் கையில் வைத்தார்.

பண்டிகைச் சட்டையின் கையை முழங்கைக்குமேல் மடித்துக்கொண்டே, பூசணிகளைத் தாண்டி, ஹெப்சியைத் தாண்டி, தாவீது வெளியே நின்ற சாரின் காரை நோக்கிப் போனார்.