புழு இல்லாத தெரு

அன்புச்செல்வி டார்ச்சை மறுபடியும் தொட்டிக்குள் அடித்துப் பார்த்தாள். சந்தேகமே இல்லை, கொசுப்புழுதான். வாரம் தவறாமல் அவள் எட்டிப் பார்க்கிற வீடு. ஒருநாளும் அங்கே புழு நெளிந்ததில்லை. தொட்டியைக் கவிழ்த்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனாள். அங்கேயும் புழு. அதற்கடுத்த வீட்டிலும். எல்லாவற்றையும் கவிழ்த்துக்கொண்டே போனாள்.

பேரூராட்சியில் தினக்கூலிக்குக் கொசு ஒழிக்கிறவள் அவள். அந்தச் சம்பளத்தில்தான் வீட்டில் உலை கொதிக்கிறது. இப்போது நிதி இல்லையென்று பாதிப் பேரை நிறுத்தப் போகிறார்கள். யாரை நிறுத்துவது என்பதற்கு மேலிடத்துப் புண்ணியவான்கள் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். புழு இல்லாத தெருவுக்கு ஆள் எதற்கு? ஆக, ஒழுங்காக வேலை பார்த்தவளுக்குச் சீட்டுக் கிழியும், டீக்கடையில் பொழுதைப் போக்கியவனுக்கு வேலை நிலைக்கும். இன்று மேற்பார்வையாளர் வசந்தகுமார் இந்தத் தெருவைப் பார்க்க வருகிறார்.

வேலை போகிற கவலையையும் மீறி அவளுக்கு ஒரு குறுகுறுப்பு. எல்லா வீட்டுப் புழுவும் ஒரே அளவாக இருந்தது. தானாக வந்தால் இப்படியா வரும்?

தெருக்கோடியில் ஹவ்வா உம்மாள் வீட்டுக் கொல்லையில் விடை கிடைத்தது. படிக்கட்டுக்கு அடியில் ஒரு நீல டிரம். அது நிறையப் புழு. பக்கத்தில் ஒரு சொம்பு.

"என்னக்கா இது?"

"கொட்டிப்புடாத செல்வி." ஹவ்வா உம்மாள் குறுக்கே வந்து நின்றாள். "ஒனக்காகத்தான் வளத்தேன். வீட்டுக்கு ஒரு சொம்பு நான்தான் ஊத்திட்டு வந்தேன். அந்த சார் பாத்துட்டா ஒனக்கு வேலை போகாதுல்ல."

அன்புச்செல்விக்குச் சிரிப்பு வந்தது. போன மழைக்கு மகளைப் பார்க்கப் போன ஊரில் டெங்கு வாங்கிவந்து, பிழைத்ததே பெரிசு என்று எழுந்தவள் இந்த ஹவ்வா உம்மாள்.

வாசலில் பைக் வந்து நின்றது. டிரம்மை அப்படியே விட்டால் போதும், வேலை தங்கும். அன்புச்செல்வி அவளை மெல்ல நகர்த்திவிட்டு டிரம்மைச் சாய்த்தாள். தண்ணீர் வாழைப் பாத்திக்கு ஓடியது.

மற்ற வீடுகளைப் பார்த்துவிட்டு வந்த வசந்தகுமார் வெறும் டிரம்முக்குள் எட்டிப் பார்த்தார். "எந்த வீட்லயும் புழு இல்லம்மா. அதான் இப்ப கஷ்டம்," என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல். கிளம்பிவிட்டார்.

"கிறுக்குப் பய மவளே," என்று ஹவ்வா உம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "எம்புட்டுப் பாடுபட்டு வளத்தேன் தெரியுமா?"

"எதுக்குக்கா பாடு?" அன்புச்செல்வி டார்ச்சை அணைத்தாள். "அடுத்த மாசத்துலேர்ந்து நான் வரமாட்டேன். அது தன்னால வளந்துரும்."