பத்தரை மணி டோக்கன்கள்

காலை பத்து இருபதுக்கு அந்தச் சிறிய மருத்துவமனையின் காத்திருப்பு அறைக்குள் அவள் நுழைந்தபோது, பன்னிரண்டு நாற்காலிகளுள் மூன்றில் மட்டுமே ஆள் இருந்தது. சுவரில் தொங்கிய திரை, அதுவரை பதினான்கு டோக்கன்கள் கொடுக்கப்பட்டிருப்பதாகக் காட்டியது. அந்தத் திரையும் அதன் பின்னால் ஓடிய செயலியும் அவளும் அவளுடைய கூட்டாளியும் செய்தவை.

வரவேற்பு மேசையில் இருந்த அக்கா தலையை நிமிர்த்தாமலேயே சொன்னாள்: "வாம்மா முதலாளி. உன் கூத்த நீயே வந்து பாரு. இன்னும் பத்து நிமிஷத்துல ஆரம்பிச்சிடும்."

முதலாளி என்பது பல்கலைக்கழகத்தில் அவளுக்கு ஒட்டிய பெயர். தொழில்முனைவுப் பாடத்தின் முதல் வகுப்பில், படித்து முடித்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று பேராசிரியர் கேட்டார். வேலைக்குப் போவோம் என்று மற்றவர்கள் எல்லாரும் சொல்ல, வேலை கொடுப்பேன் என்று இவள் ஒருத்தி மட்டும் சொன்னாள். அன்றைக்குக் கேலியாக ஒட்டிய பெயர் பிறகு பிய்த்தாலும் வரவில்லை.

"டாக்டர் என்னக்கா சொன்னாங்க?"

"என்ன சொல்லுவாங்க? நேத்துக் காலையில நாப்பது டோக்கன். வந்தது பதினாறு பேரு. மிச்ச நேரமெல்லாம் ஃபேனைப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தாங்க. இன்னிக்குள்ள காரணம் தெரியலன்னா நாளையிலேருந்து பழையபடி அட்டைச் சீட்டுதானாம். அத வெட்டவே எனக்கு ஒரு மணி நேரம் ஆகும். எனக்காகவாவது கண்டுபிடி தாயே."

உடம்பு சரியில்லாதவர்கள் மணிக்கணக்கில் வரிசையில் காத்துக்கிடக்க வேண்டாம். வீட்டிலிருந்தபடியே ஒரு பொத்தானை அழுத்தி டோக்கன் எடுக்கலாம். முறை நெருங்கும்போது செயலி அழைக்கும், அப்போது கிளம்பி வந்தால் போதும். இதுதான் அவர்களுடைய தொழில். காலையில் நாற்பது டோக்கன், மாலையில் நாற்பது. பெயர் கேட்டால் ஆட்கள் தயங்குவார்கள் என்று வகுப்பில் சொல்லிக்கொடுத்திருந்தபடியால் பெயர் கேட்கவில்லை. நோயாளிகளின் தொலைபேசி எண்களைத் தாங்களே பார்ப்பதும் முறையன்று என்று கருதி, அவற்றையும் மறைத்தே சேமித்தார்கள்.

மூன்று வாரங்களுக்கு முன்பு செயலியை ஒரு நோய் பிடித்தது. டோக்கன் எடுப்பவர்கள் பெருகினார்கள். மருத்துவரைப் பார்க்க வருகிறவர்கள் பெருகவில்லை. செயலியில்தான் பிழை இருக்கிறது என்று அவள் முடிவுகட்டினாள். நிரல் முழுவதையும் எழுதியவன் அவளுடைய கூட்டாளி. ஆறடிக்கு மேல் வளர்ந்து, சதையே பிடிக்காத அவனை எல்லாரும் ஒட்டடைக்குச்சி என்பார்கள், சுருக்கமாகக் குச்சி. எழுதியதை ஒவ்வொரு வரியாகப் பிரித்துப் பார்த்துவிட்டு, "என் பக்கம் தப்பே இல்ல" என்று அவன் சொன்னான். "அப்போ பேயா வந்து டோக்கன் எடுக்குது?" என்று இவள் கத்தினாள். அவன் நான்கு நாள்களாக, இருவரும் வேலை செய்யும் கணினி ஆய்வுக்கூடத்தின் பக்கமே வரவில்லை.

அன்று பிற்பகல் மூன்றேகாலுக்குத் தேர்வுக்குழு கூடுகிறது. செயலியை ஒரு தடவைக்கு மேல் பயன்படுத்தியவர்கள் நூறு பேர் இருந்தால், பல்கலைக்கழகத்தின் தொழில் வளர்ப்பகத்தில் ஓர் அறையும் ஓராண்டு ஆதரவும் கிடைக்கும். நூறு இல்லையென்றால் எதுவும் இல்லை. இதை நம்பித்தான் அவள் வளாக நேர்காணல்களுக்கு ஒன்றுக்குக்கூடப் போகாமல் இருந்துவிட்டாள். போன வாரம் அந்த எண் நூற்று நான்கைத் தொட்டது. அறை ஏறக்குறைய கைக்கு வந்துவிட்டது. ஆனால் மருத்துவமனையே வேண்டாம் என்று தள்ளிவிட்டால் அறை எதற்கு?

மணி பத்து முப்பத்தொன்று ஆயிற்று. திரையில் பதினான்கு பதினைந்தாயிற்று. பதினாறு, பதினேழு, இருபது. அவள் எச்சிலை விழுங்குவதற்குள் இருபத்தாறு.

"ஆரம்பிச்சுடுச்சு பாத்தியா?" என்றாள் அக்கா. "ஞாயித்துக்கிழம மட்டும் பேய்க்கும் லீவு."

கழுத்தில் துண்டைச் சுற்றிக்கொண்டு ஒரு லாரி ஓட்டுநர் உள்ளே வந்தார். காய்ச்சலில் கண்கள் சிவந்திருந்தன. மேசையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ஒரு டோக்கன் குடும்மா."

அக்கா திரையைப் பார்த்தாள். நாற்பது. "தீந்துடுச்சுண்ணே. சாயங்காலம் பாருங்களேன்."

"முந்தாநாளும் இதேதான் சொன்ன. நேத்தும் இதேதான் சொன்ன. சாயங்காலமும் தீந்துபோவுது. இங்க ஒரு ஈ காக்கா இல்ல, எல்லாம் தீந்துபோச்சாம்!" அவர் காலி நாற்காலிகளைக் கை நீட்டிக் காட்டினார். இருமல் வந்து பேச்சைத் தடுத்தது. "இதுங்களுக்கா காய்ச்சல்?"

முதலாளிக்கு அந்த மேசைக்கு அடியில் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது. அந்த நேரம் பார்த்து அவளுடைய கைப்பேசி அடித்தது. அம்மா.

அம்மா ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் பொத்தான் தைக்கும் பிரிவில் இருந்தாள். வேலை நேரத்தில் கைப்பேசிகளை வாசலில் உள்ள மரப்பெட்டியில் பூட்டி வைத்துவிடுவார்கள். காலை பத்தரைக்குக் கால் மணி நேரம், பிற்பகல் மூன்றரைக்குக் கால் மணி நேரம் தேநீர் இடைவேளை. அப்போது மட்டுமே அவை கைக்கு வரும்.

"பாப்பா, சாப்பிட்டியாடா? இன்னிக்குத்தானே அந்தப் பெரியவங்க எல்லாம் வர்றாங்க? பயப்படாமப் போ. நல்லா நிமிந்து நின்னு பேசு."

அம்மாவின் குரலுக்குப் பின்னால் பெண்களின் ஆரவாரம் கேட்டது. "அக்கா, எனக்கு முப்பத்தெட்டு!" என்றது ஒரு குரல். "எனக்குத் தீந்துபோச்சுங்குதே!" என்றது மற்றொன்று. "ஆடி அசைஞ்சு வந்தா அப்படித்தான். நாளைக்கு முந்திக்கடி!"

 முதலாளி திரையை நிமிர்ந்து பார்த்தாள். கடிகாரத்தைப் பார்த்தாள். பத்து முப்பத்தாறு.

"அம்மா… அங்க என்னம்மா பண்றாங்க எல்லாரும்?"

"அடடா, கேட்டுடுச்சா?" அம்மா வாய்விட்டுச் சிரித்தாள். "ஜெயிச்சப்புறம் சொல்லலாம்னு இருந்தேன். எங்க பிரிவுல ஒருத்தி பாக்கி இல்ல பாப்பா. உங்க சித்தி, மாமா, அத்தை வீட்டுல எல்லாரும்கூட. காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு, மூணு வாரமா ஒரு நாள் விடல. அழுத்துற ஆளு கூடினாப் போதும்மான்னு அன்னிக்குத் தட்டுல கைய வெச்சுக்கிட்டு அழுதியே? என்னால வேற என்னடா பண்ண முடியும்?"

அவள் கைப்பேசியைக் காதோடு சேர்த்து அழுத்தினாள். 

"டீ ஆறிப்போவுது, வெச்சிடறேன். மூணரைக்கு எல்லாரும் ரெண்டு ரெண்டு தடவ அழுத்தறோம், சரியா?"

லாரி ஓட்டுநர் வாசலுக்குப் போய்விட்டிருந்தார். முதலாளி ஓடிப்போய் அவரை மறித்தாள். திரும்பி அக்காவிடம், "இவர உள்ள அனுப்புங்கக்கா. மிச்சப் பேரு வரமாட்டாங்க" என்றாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

"அது… எங்க அம்மாக்கா."

மருத்துவர் அம்மாள் முழுவதையும் கேட்டுக்கொண்டார். கோபப்படவில்லை; கோபப்பட்டிருந்தால்கூட அவளுக்குத் தாங்கிக்கொள்ள எளிதாக இருந்திருக்கும். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டு, "உங்க அம்மா நல்லவங்க. ஆனா மூணு நாளா ஒருத்தர் நிமோனியாவோட திரும்பிப் போயிருக்காரு. நாளையிலேருந்து சீட்டுதாம்மா" என்றார். பிறகு அடுத்த ஆளை வரச் சொன்னார்.

ஆய்வுக்கூடத்தில் குச்சி உட்கார்ந்திருந்தான். தேர்வு நாளன்று மட்டும் விட்டுவிட அவனுக்கும் மனம் வரவில்லை போலும். அவள் எதிரில் நின்று, நடந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொல்லி, "நீ எழுதினதுல தப்பு இல்லடா. என்னை மன்னிச்சிடு" என்றாள்.

அவன் சிரிக்கத்தான் நினைத்தான்; முகம் கோணிக்கொண்டது. "நாலு நாளா எனக்குத் தூக்கமே இல்ல. கடைசியில பாத்தா, உங்க அம்மா!" கணினியைத் தன் பக்கம் இழுத்து, ஒரு முறைகூட மருத்துவமனைக்கு வராத எண்களைக் கழித்துப் பார்த்தான். நூற்று நான்கு இருபத்தொன்றாயிற்று. இருவரும் அந்த இருபத்தொன்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார்கள்.

"இங்க பாரு முதலாளி. அவங்க கேட்கப்போறது எண்ணிக்கை. நாம காட்டப்போறது எண்ணிக்கை. யாரு என்னன்னு யாரும் கேட்கப்போறதில்ல. முதல்ல அறைய வாங்கிடுவோம். அப்புறம் வேற டாக்டர், நிஜ ஆளுங்க."

 அவன் கழித்தவற்றைத் திரும்பச் சேர்த்தான். அவள் தடுக்கவில்லை.

தேர்வுக்குழுவில் பேராசிரியரும், வெளியிலிருந்து வந்திருந்த தொழிலதிபர் ஒருவரும் இருந்தார்கள். அவள் பேசினாள். மனப்பாடம் செய்திருந்தது தடங்கலின்றி வந்தது. நூற்று நான்கு என்றபோது மட்டும் நாக்கு ஒட்டிக்கொண்டது. பேராசிரியர் மகிழ்ச்சியோடு தலையை ஆட்டினார். மாலை டோக்கன்களின் எண்ணிக்கை அவளுக்குப் பின்னால் பெரிய திரையில் ஒன்பது என்று நின்றது.

மூன்றரை மணி.

ஒன்பது பதினொன்றாயிற்று. பதினைந்தாயிற்று. தொழிலதிபர் முன்னால் சாய்ந்து உட்கார்ந்தார். "அட, நாம பேசிட்டிருக்கும்போதே ஏறுதே!"

இருபத்திரண்டு. முப்பது. தொழிற்சாலை வாசலில், மரப்பெட்டியைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் அத்தனை பெண்களும் அவளுக்குக் கண்முன் தெரிந்தார்கள். ஊசி குத்திக் குத்திக் காய்த்துப்போன விரல்கள். அவர்களுக்கு நடுவே அம்மா, ஒரு கையில் தேநீர்க் குவளை, மறு கையில் கீறல் விழுந்த கைப்பேசி. இன்னொரு பக்கம் துண்டைச் சுற்றிய ஓர் ஆள், காலி நாற்காலிகளைக் காட்டிக்கொண்டு.

"பிரமாதம்மா. இவ்வளவு பேருக்கு ஒரே நேரத்துல உடம்பு சரியில்லையா?" என்று தொழிலதிபர் வேடிக்கையாகத்தான் கேட்டார்.

"இல்ல சார்" என்றாள் அவள். குச்சி கண்களை மூடிக்கொண்டான். "அவங்க யாருக்கும் உடம்புக்கு ஒண்ணுமில்ல. எங்க அம்மாவும், அவங்க கூட வேலை செய்யறவங்களும். இது அவங்க டீ குடிக்கிற நேரம். நிஜமா பயன்படுத்தறவங்க இருபத்தொரு பேரு."

 அவளுக்குப் பின்னால் எண் நாற்பதைத் தொட்டு நின்றது.

தொழிலதிபர் பேனாவை மூடினார். "நீங்க சொல்லாம இருந்திருந்தா அறை கொடுத்திருப்பேன். சொன்னதால மரியாதை கொடுக்கிறேன். அறை கொடுக்க முடியாதும்மா." பேராசிரியர் அவளுடைய முகத்தைப் பார்க்காமல், "விதி நூறு. நான் என்ன பண்ணட்டும்?" என்றார்.

வெளியே தாழ்வாரத்தில் குச்சி பையைத் தோளில் மாட்டிக்கொண்டான். திட்டுவான் என்று அவள் காத்திருந்தாள். அவனோ, "உன் வாய்க்குப் பூட்டு போட எந்தச் செயலியாலும் முடியாது" என்று சொல்லிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் படியிறங்கினான்.

இனி ஒன்றே ஒன்றுதான் பாக்கி. மருத்துவமனை சீட்டுக்கு மாறியது தெரியாமல், நாளைக் காலை பத்தரைக்கு அவர்கள் மறுபடியும் அழுத்துவார்கள். நாளை மறுநாளும் அழுத்துவார்கள்.

மாலை ஐந்தரைக்குத் தொழிற்சாலையின் இரும்புக் கதவு திறந்தது. பெண்கள் கூட்டமாக வெளியே வந்தார்கள். அவளை முதலில் பார்த்தவள், "ஏய், நம்ம முதலாளி!" என்று கூவ, பத்துப் பதினைந்து கைப்பேசிகள் கொடிகளைப் போல உயர்ந்தன. அம்மா கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓடிவந்தாள்.

"கெடச்சுதா பாப்பா?"

"கெடைக்கலம்மா."

அம்மாவின் முகம் ஒரு கணம் வாடி, உடனே நிமிர்ந்தது. "போகட்டும் விடு. இன்னும் ஆளு சேக்கறேன். தையல் பிரிவுல எண்பது பேரு இருக்காங்க."

"வேண்டாம்மா." அவள் சொல்லத் தொடங்கினாள். தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. காலி நாற்காலிகள், நிமோனியா, இருபத்தொன்று, அட்டைச் சீட்டு, எல்லாவற்றையும் தெருவில் நின்றபடி, அத்தனை பேர் முன்னிலையிலும் சொன்னாள். சிரித்துக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக அடங்கினார்கள்.

"அப்போ… நாங்கதான் கெடுத்துட்டோமா?" என்று கேட்டாள் அம்மா.

அவளால் இல்லை என்று சொல்ல முடியவில்லை. "நான்தாம்மா ஒழுங்கா சொல்லாம விட்டேன்" என்றாள். அதுவும் உண்மைதான், ஆனால் யாருக்கும் அது ஆறுதலாக இல்லை.

முப்பத்தெட்டு கிடைத்தது என்று காலையில் கூவியவள்தான் முதலில் முன்னால் வந்தாள். கைப்பேசியை நீட்டினாள். "இத எடுத்துடும்மா. எங்களுக்கு எடுக்கத் தெரியாது. வெச்சிருந்தா, பத்தரை ஆச்சுன்னா கை தானா போவும்."

முதலாளி வாங்கினாள். செயலிக்காகத் தானே வரைந்த சின்ன நீலப் படத்தின்மேல் விரலை வைத்து அழுத்தினாள். நீக்கவா என்று கேட்டது. நீக்கினாள். திருப்பிக் கொடுத்தபோது அடுத்தவள் நின்றாள். அவளுக்குப் பின்னால் இன்னொருத்தி. யாரும் நிற்கச் சொல்லவில்லை. மதிலோரமாக ஒரு நீண்ட வரிசை தானாகவே உண்டாயிற்று. பேருந்துக்கு நேரமாயிற்று என்றாலும் எவரும் முந்தவில்லை. நீக்கவா, நீக்கு. நீக்கவா, நீக்கு. முப்பதுக்குமேல் அவள் எண்ணுவதை விட்டுவிட்டாள்.

கடைசியில் அம்மா நின்றாள். கைப்பேசியை நீட்டவில்லை; முந்தானைக்குள் பிடித்திருந்தாள்.

"என்னுதுல மட்டும் இருக்கட்டுமே. அழுத்தமாட்டேன். சும்மா பாத்துக்குவேன்."

அழுத்துவாள் என்பது மகளுக்குத் தெரியும். அழுத்துவாள் என்பது அம்மாவுக்கும் தெரியும்.

மகள் கையை நீட்டியபடியே நின்றாள்.