நாலாயிரத்தில் ஒரு பள்ளம்

"மணியைக் காணோம்" என்றாள் என் மனைவி.

நான் அப்போதுதான் ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னாலிருந்து எழுந்து முட்டியைத் தட்டிக்கொண்டிருந்தேன். இருபது வருடத்து ஆம்ப்ளிஃபயர், பதினோரு கிலோ. அதன் தலையில் இப்போது சோப்புப்பெட்டி அளவுக்கு ஒரு கறுப்புப் பெட்டி. வீட்டு வைஃபையிலிருந்து பாட்டை இழுத்து ஆம்ப்ளிஃபயருக்குக் கொடுப்பது அதன் வேலை. முதல் பாட்டாக அவளுக்குப் பிடித்ததையே போட்டிருந்தேன். மூன்று சரணம் உள்ள பாட்டு. ஒவ்வொரு சரணத்துக்கும் முன்னால் ஒரு சின்ன மணி ஒரே ஒருமுறை ஒலிக்கும். கல்யாணமான புதிதில் அந்த மணிக்காகவே சிடியைத் திரும்பத் திரும்பப் போடுவாள்.

"உங்க பெட்டி மணியை முழுங்கிடுச்சு. காத்துல வர்றப்ப எங்கயோ விழுந்திருக்கும்."

லிஃப்ட் மெக்கானிக்கான என்னிடம் இப்படிச் சொல்லக் கூடாது. மாலை வரை விளக்கினேன். போன் பாட்டைச் சுமந்து வருவதில்லை. இது வேண்டும் என்று உத்தரவு மட்டும் போடுகிறது. பெட்டி தானே போய் எடுத்து வருகிறது. பாட்டு துண்டு துண்டாக, ஒவ்வொன்றும் ஓர் எண்ணோடு வருகிறது. ஒரு துண்டு வழியில் தொலைந்தால், அந்த எண் வரவில்லை, மறுபடி அனுப்பு என்று பெட்டி கேட்டு வாங்கிக்கொள்ளும். ஆகவே பாட்டு நிற்கலாம், திக்கலாம். மணி மட்டும் உதிர்ந்து விழ வழியே இல்லை. நம்பட்டும் என்று போனை அணைத்து அவள் கையில் கொடுத்தேன். பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

"பாட்டு வருது, சரி. மணி வரலியே" என்றாள்.

மணி வந்தது. மூன்று சரணத்துக்கும் மூன்று முறை எனக்குத் துல்லியமாகக் கேட்டது. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்று முறையும் அந்த முகத்தில் ஒன்றுமே நடக்கவில்லை.

பாட்டில் நிரப்பும் தொழிற்சாலையில் அவளுக்குப் பத்தொன்பது வருடம். பெல்ட்டில் கண்ணாடி பாட்டில்கள் ஒன்றையொன்று இடித்துக்கொண்டு ஓடும். நாள் முழுக்க அதன் பக்கத்தில் நின்று விரிசல் விட்டதைப் பொறுக்கி எடுக்க வேண்டும். காது டாக்டர் ஒரு வரைபடம் கொடுத்தார். அதை நான் குளிர்சாதனப்பெட்டிக் கதவில் ஒட்டிவைத்து ஒரு வாரம் படித்தேன். இடது ஓரம் தடித்த ஒலி, வலது ஓரம் கீச்சு ஒலி. கோடு எவ்வளவு கீழே இறங்குகிறதோ, காது அவ்வளவு கேட்கவில்லை. வயதானால் அந்தக் கோடு சறுக்குமரம் மாதிரி வலப்பக்கம் சரிந்துகொண்டே போகும், திரும்ப ஏறாது. இவளுடையது நேராக வந்து, நாலாயிரம் ஹெர்ட்ஸ் என்று போட்ட இடத்தில் தொபுக்கென்று பள்ளத்தில் விழுந்து, மறுபடி ஏறியது. இரைச்சல் முதலில் கடிக்கிற இடம் அதுதான் என்றார் டாக்டர். மணியும் அந்தப் பள்ளத்தில்தான் கிடந்தது.

வரைபடத்தின் நகலைக் கம்பெனியில் கொடுத்தாள். பதிலுக்கு ஒரு தாள் வந்தது. 'என் செவித்திறன் குறைவு வயது காரணமாக ஏற்பட்டது.' கீழே கையெழுத்துக்கு இடம்.

"வயசாம்!" என்றாள். தாளை அப்படியே திருப்பி அனுப்பிவிட்டு என்னிடம் வந்தாள். "ஏங்க, ஒரு பள்ளம் இருந்தா மண்ணு கொட்டி மூடுவோம்ல? பாட்டுக்கு அப்படிச் செய்ய முடியாதா?"

முடியும். ஆனால் இருபது வருடமாக ஆம்ப்ளிஃபயரில் கீச்சு ஒலியை ஏற்றும் ட்ரெபிள் திருகை யாரையும் தொடவிடாதவன் நான். பதிவு செய்தவன் எப்படிக் கொடுத்தானோ அப்படியே கேட்பதுதான் முறை என்று விருந்தாளிகளுக்கெல்லாம் வகுப்பெடுத்தவன். போனில் பெட்டிக்கான ஆப்பில் ஒரு கோடு உண்டு; விரலால் இழுத்து, எந்த ஒலியை ஏற்றுவது, எதை இறக்குவது என்று வரையலாம். அவளுடைய வரைபடத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எங்கே பள்ளமோ அங்கே மேடு வரைந்தேன். பாட்டைப் போட்டதும் எனக்குப் பல் கூசியது. தகரத்தை ஆணியால் கீறுகிற சத்தம். அவள் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். முதல் சரணம் நெருங்கியது. சட்டென்று ஒரு விரலை உயர்த்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை கம்பெனியின் வெல்ஃபேர் ஆபீசர் அதே தாளோடு வீட்டுக்கே வருவதாகச் சொல்லியிருந்தார்.

"வரட்டும்" என்றாள். "என் கோட்டோட பாட்டைப் போடுவேன். காதைப் பொத்துவான்ல? அப்பத் தெரியும், என்கிட்டேருந்து எவ்வளவு போயிருக்குன்னு."

வந்தவர் புதியவர் இல்லை. எட்டு வருடம் அவளுக்குப் பக்கத்து பெல்ட்டில் நின்றவர், அப்புறம் படித்து ஆபீசர் ஆனவர். டீ டம்ளரைத் தள்ளிவைத்துத் தாளை விரித்தார்.

"ஒரு கையெழுத்துதானேக்கா. வயசானா எல்லாருக்கும் வர்றதுதான்."

"எனக்கு நாப்பத்தாறு, தம்பி. எங்கம்மாவுக்கு எழுபத்தெட்டு. பக்கத்து வீட்டுச் சண்டையை வரி விடாம ஒப்பிக்குது."

"போடலைன்னா உங்களைக் குடோனுக்கு மாத்திடுவாங்க. அங்க போனவங்க யாரும் திரும்ப லைனுக்கு வந்ததில்ல."

"குடோன்ல எலி கூட மெதுவாத்தான் பேசும். காதுக்கு நல்லது. 'பாட்டில் சத்தத்தால'ன்னு எழுதிக் கொண்டா, ரெண்டு கையாலயும் போடறேன். இந்தப் பொய்க்கு என் பேரு வராது. நீ டீயைக் குடி, பாட்டு கேளு."

போனைத் தொட்டாள். நான் முன்கூட்டியே சமையலறை வாசலுக்கு நகர்ந்துவிட்டேன். ஆணி தகரத்தில் இறங்கியது. என் இரண்டு காதிலும் விரலை விட்டுக்கொண்டேன். அவர் முகம் சுளிக்கும் என்று காத்திருந்தேன். அவளும் காத்திருந்தாள்.

அவர் தொடையில் தாளம் போட்டார்.

"நல்ல செட்டுக்கா. எவ்வளவு தெளிவா இருக்கு! எங்க வீட்டு டிவில எல்லாம் மொத்தையா கேக்குது."

அவள் என்னைப் பார்த்தாள். காதில் விரலோடு நிற்கும் என்னை அவரும் பார்த்தார்.

"அண்ணனுக்கு என்ன ஆச்சு?"

அவள் போனை எடுத்தாள். இரண்டாம் சரணத்துக்கு முன்னால் ஒரு விரலால் கோட்டைத் தட்டையாக்கினாள். நான் விரலை எடுத்தேன். பாட்டு பாட்டாக இருந்தது. மணி அடித்தது.

தொடையில் இருந்த கை நின்றுவிட்டது. "ஏன்க்கா சத்தத்தைக் கொறச்சீங்க?"

"சத்தத்தைக் கொறைக்கல. இப்ப மணி அடிச்சுதே, கேட்டுச்சா?"

"எந்த மணி?"

குளிர்சாதனப்பெட்டிக் கதவிலிருந்து வரைபடத்தை எடுத்துவந்து தாளின் மேலேயே வைத்தாள். பள்ளத்தின் மேல் விரலை ஊன்றினாள். "உனக்கு முப்பத்தஞ்சு இருக்குமா? இந்த மாதிரித் தாள் இன்னொண்ணு வச்சிருக்கியா, தம்பி? உன் பேருக்கு?"

அவர் பேனாவை மூடினார். திறந்தார். மறுபடி மூடினார். கடைசிச் சரணம் நெருங்கிக்கொண்டிருந்தது. அவள் கோட்டைப் பழையபடி மேலே தூக்கினாள். என் பல் கூசியது. சோபாவில் இருவரும் ஒரே நேரத்தில் ஸ்பீக்கர் பக்கம் குனிந்தார்கள். மணி அடித்தது. இரண்டு முகங்களும் ஒன்றாக நிமிர்ந்தன. பேனா அவர் மடியிலிருந்து உருண்டு தரையில் விழுந்தது. குனிந்து எடுக்க யாரும் போகவில்லை.